சிரிப்புக்கும் பொறுப்பு வேண்டும்

சாகாமத்தில் அண்மையில் நடந்த கமக்காரர் கூட்டமொன்றிற்குச் சென்றிருந்தேன். பெரும்போக வேளாண்மைக்கு என்ன விலை கேட்பது என்பதே அன்றைய பேச்சு. கிலோ ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூடுவதா குறைவதா என்பது பற்றி ஒன்றரை மணி நேரம் வாதம் நிகழ்ந்தது. உரத்தின் விலை, எண்ணெயின் விலை, வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி என ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணி, "ஒரு சதமும் விட்டுக் கொடுக்க மாட்டோம்" என்று முழங்கினார் ஒரு பெரியவர். கூட்டம் கலைந்தபின் அவரும் நானும் வீதியோரத்துத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்தோம். அவருடைய ஏழு வயது மகன் ஓடி வந்தான். கடை முகப்பில் சரஞ்சரமாகத் தொங்கிய வண்ணப் பொதிகளில் ஒன்றைச் சுட்டிக் காட்டி, தொலைக்காட்சியில் ஒரு சிரிப்பு நடிகர் சொல்லும் வசனத்தை, அதே குரலில், அதே முகச் சுளிப்போடு நடித்துக் காட்டினான். கடையே குலுங்கிச் சிரித்தது. "வாப்பா, அத வாங்கித் தாங்க வாப்பா" என்றான். தகப்பனார் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்து நீட்டினார்.

விலை என்னவென்று அவர் கேட்கவில்லை. எத்தனை கிராம் என்று கேட்கவில்லை. உள்ளே இருப்பது என்னவென்றும் கேட்கவில்லை. அந்தப் பொதியில் இருந்தது ஒரு பிடி அரிசி மாவும் சோள மாவும் எண்ணெயும் உப்புமே. அதன் நிறையைக் கொண்டு கிலோவுக்குக் கணக்கிட்டால், அன்று மாலை அவர் ஒரு ரூபாய்க்காகப் போராடிய நெல்லின் விலையை அது பன்மடங்கு தாண்டும். விற்கும்போது அத்தனை கேள்வி கேட்ட மனிதர், வாங்கும்போது வாய் திறக்காதது ஏன்? அவரைக் குறை கூற நான் வரவில்லை. அன்று கடையில் சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இக்கேள்வி என் மனத்தைக் குடைந்தது. ஒரு பொருளை வாங்குவதற்கு முன் மனிதன் கேட்க வேண்டிய கேள்வியை, ஒரு சிரிப்பு எவ்வாறு கேட்காமற் செய்துவிடுகிறது? இது குழந்தைத் தின்பண்டம் பற்றிய அற்ப விடயம் என்று ஒதுக்கிவிடலாகாது. கேள்வி கேட்கும் பழக்கத்தை இழக்கும் சமுதாயம் கடையில் மாத்திரம் அதை இழப்பதில்லை.

சொன்னால் வழக்கு, சிரித்தால் வழக்கில்லை

சட்டம் பயிலும் மாணவன் முதலாண்டிலேயே படிக்கும் வழக்கு ஒன்றுண்டு. இலண்டனில் கார்பொலிக் புகையுருண்டை என்ற பண்டத்தை விற்ற கொம்பனியொன்று, அதனை இரு வாரங்கள் முறைப்படி பாவித்த பின்னரும் எவருக்கேனும் சளிச்சுரம் கண்டால் 100 பவுண் தருவதாகவும், அதற்குச் சான்றாக 1,000 பவுணை வங்கியில் இட்டிருப்பதாகவும் விளம்பரம் செய்தது. திருமதி கார்லில் பாவித்தார்; சுரமும் கண்டது; பணம் கேட்டார். "அது வெறும் விளம்பரப் பேச்சு" என்றது கொம்பனி. "அன்று, அது வாக்குறுதி; பணத்தைக் கொடு" என்று 1892ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

அத்தீர்ப்பிலிருந்து மக்கள் ஒரு பாடம் கற்றனர். வணிகரும் ஒரு பாடம் கற்றனர். திட்டமாக ஒன்றைச் சொன்னால் அகப்பட்டுக்கொள்வோம் என்பதே வணிகர் கற்ற பாடம். உடலுக்கு உரம் தரும் என்று சொன்னால், காட்டு பார்க்கலாம் என்பான் எதிரி. ஆகவே எதையும் சொல்லாமல் விற்கும் வழியைத் தேடினர். அவ்வழிகளுள் தலைசிறந்தது நகைச்சுவை. ஏனெனில், சிரிப்பு ஒரு கூற்றன்று. அதனை மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவ இயலாது. எந்த நியாயவாதியும் ஒரு சிரிப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

அமெரிக்காவில் 1960களில் லேய்ஸ் என்ற உருளைக்கிழங்குச் சிப்ஸுக்கு விளம்பர முகமாக நின்றவர் பேர்ட் லார். 1939ஆம் ஆண்டின் 'விசார்ட் ஒப் ஓஸ்' திரைப்படத்தில் கோழைச் சிங்கமாக நடித்து உலகைச் சிரிக்கவைத்த நடிகர் அவர். ஒன்றே ஒன்று தின்று நிறுத்த உன்னால் முடியாது, பந்தயம் கட்டுகிறாயா என்பதே அவ்விளம்பரத்தின் சவால். பின்னாளில் இந்தியாவில் நடிகர் சயிப் அலி கானைக் கொண்டும் இதே கருத்தையே விற்றனர். இதனை உற்று நோக்குங்கள். தின்னத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பது ஒரு பண்டத்தின் மீது வைத்தியர் சுமத்தவேண்டிய குற்றச்சாட்டு. அதையே விற்பவன் முந்திக்கொண்டு பகிடியாகச் சொல்லிவிட்டான். குற்றத்தைத் தானே சிரித்து ஒப்புக்கொண்டவனிடம் யார் போய் வாதாடுவது?

இந்தியாவில் 1999ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த குர்குரேயின் கதையும் அத்தகையதே. அரிசி மா, சோள மா, கடலை மா கொண்டு செய்யப்படும் கோணல் மாணலான பண்டம் அது. நடிகை ஜூஹி சாவ்லா பல்லாண்டுகள் அதன் முகமாக விளங்கினார். மாமியார் மருமகள் தொடர் நாடகங்களைக் கேலி செய்து வீட்டுப் பெண்களைச் சிரிக்கவைத்தார். கோணலாயினும் என்னுடையது என்பது அதன் புகழ்பெற்ற விளம்பர வாசகத்தின் கருத்து. உருவம் கோணல் என்ற சிறு குறையைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டதன்மூலம், உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்ற பெரிய கேள்வி எழுவதற்கே இடமில்லாது போயிற்று.

முகம் செய்யும் வேலை

நகைச்சுவை தனியாக வருவதில்லை. நாம் ஏற்கெனவே நேசிக்கும் ஒரு முகத்தின்மேல் ஏறி வருகிறது. இதற்கு இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியே சான்று. லேய்ஸையும் குர்குரேயையும் விற்கும் பெப்சிகோ நிறுவனமே அங்கு வோக்கர்ஸ் என்ற பெயரில் சிப்ஸ் விற்கிறது. 1995இல் அதன் விளம்பர முகமாக வந்தவர் உதைபந்தாட்ட வீரர் கரி லினேக்கர். 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் 6 கோல்கள் போட்டு முதலிடம் பெற்றவர். தமது ஆட்ட வாழ்வில் ஒருமுறையேனும் மஞ்சள் அட்டை வாங்காத உத்தமர் என்று பெயரெடுத்தவர். அந்த உத்தமர், பூங்காவில் இருந்த ஒரு சிறுவனின் சிப்ஸைத் திருடுவதாக முதல் விளம்பரத்தை எடுத்தனர். நாடே சிரித்தது. அவர் உத்தமர் என்பது தெரிந்திருந்தாலன்றோ திருட்டு சிரிப்பாகும்? பதினாறு ஆண்டு ஆட்டத்தில் அவர் தேடிய நற்பெயரை முப்பது நொடியில் செலவிட்டனர். செலவிட்டும் அது குறையவில்லை.

லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 8 வயது முதல் 11 வயது வரையான 181 பிள்ளைகளை நான்கு கூட்டமாக்கினர். ஒரு கூட்டத்திற்கு லினேக்கர் தோன்றும் சிப்ஸ் விளம்பரம் காட்டப்பட்டது. மற்றொன்றிற்கு அவர் நடத்திய உதைபந்தாட்ட நிகழ்ச்சி காட்டப்பட்டது. மூன்றாவதற்கு வேறொரு தின்பண்ட விளம்பரம். நான்காவதற்கு விளையாட்டுப் பொருள் விளம்பரம். பின் இரு கிண்ணங்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் வோக்கர்ஸ் என்றும், மற்றதில் சாதாரணக் கடைச்சரக்கு என்றும் எழுதியிருந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே சிப்ஸ்தான். லினேக்கரின் விளம்பரத்தைப் பார்த்த பிள்ளைகள் வோக்கர்ஸ் கிண்ணத்தில் அதிகம் தின்றனர். இதில் வியப்பில்லை. ஆனால் பண்டத்தின் பெயரே வராத உதைபந்தாட்ட நிகழ்ச்சியில் அவர் முகத்தை மாத்திரம் பார்த்த பிள்ளைகளும் அவ்வாறே அதிகம் தின்றனர். 2013ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. விளம்பரம் முடிந்த பின்னரும் முகம் விற்றுக்கொண்டே இருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

கமராவின் சூழ்ச்சி

மூன்றாவது கருவி கமரா. ருசிய நாட்டில் குலேசோவ் என்ற திரைப்பட ஆசிரியர் ஒரு நூற்றாண்டுக்கு முன் செய்த சோதனையொன்று திரைக்கலை பயில்வோர் யாவரும் அறிந்தது. எவ்வுணர்ச்சியுமற்ற ஒரு நடிகனின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடன் அடுத்து ஒட்டினார். பார்த்தவர்கள் அம்முகத்தில் பசியைக் கண்டனர். அதே முகத்தைப் பிணப்பெட்டியுடன் ஒட்டினார், துயரத்தைக் கண்டனர். முகம் மாறவில்லை, பக்கத்துக் காட்சிதான் மாறியது. இன்றைய விளம்பரக்காரன் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறான். பொதி எப்போதும் ஒன்றுதான். பக்கத்தில் சிரிப்பை ஒட்டுகிறான். நம் சிரிப்பு உச்சத்தை அடையும் அந்தக் கணத்திலேயே திரை நிறையப் பொதி தோன்றும். சிரிப்பின் இன்பம் பொதியின்மேல் படிகிறது.

நடிகரின் முகத்துக்கு மிக அண்மையில் அகல வில்லையை வைத்தால் மூக்கும் கண்ணும் பெருத்துக் கோமாளித்தனம் கூடும். பண்டத்துக்கு வேறு வில்லை. எறும்பு பார்ப்பது போல் அண்மையில் சென்று ஒவ்வொரு மசாலாத் துகளையும் காட்டும். பின்புறமிருந்து ஒளி பாய்ச்சினால் எண்ணெய்ப் பளபளப்பு பொன்னாக மின்னும். நொடிக்கு 1,000 படம் பிடிக்கும் கமராவில் எடுத்து, 24 படமாக ஓட்டினால், ஒரு நொடியில் விழும் சிப்ஸ் நாற்பது நொடிக்கு மேல் வானத்திலிருந்து மலர் சொரிவது போல் இறங்கும். திரையில் வரும் துண்டு, பெருங்குவியலிலிருந்து ஒப்பனைக்காரர் பொறுக்கியெடுத்த உடையாத துண்டு. கடிக்கும் ஓசையும் பெரும்பாலும் தனியே பதிவு செய்து சேர்க்கப்படுவது. ஒக்ஸ்போர்ட்டின் பேராசிரியர் சார்ள்ஸ் ஸ்பென்சும் அவருடைய துணைவரும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிப்போரின் காதில் அவ்வோசையைக் கூட்டிக் கேட்பித்தபோது, அதே சிப்ஸ் அதிக மொறுமொறுப்பும் புதுமையும் உடையதாக அவர்களுக்குப் பட்டது. நாக்கையே காது ஏமாற்றும் என்றால், கண்ணும் காதும் சேர்ந்து என்ன செய்யா!

காட்டுவதைப் போலவே, காட்டாமல் விடுவதும் கமராவின் கலை. இலங்கையில் மென்பானங்களின் சர்க்கரை அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் குறிக்கும் விதி 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பண்டங்களின் சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கும் நிறக்குறி இடும் விதிகள் 2019ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. பொதியில் இருக்கும் அச்சிவப்புப் புள்ளியை விளம்பரத்தில் நீங்கள் நிதானமாகக் கண்டதுண்டோ? ஒவ்வொரு துகளையும் தேடிச் சென்று காட்டும் வில்லைக்கு, அந்தப் புள்ளி மாத்திரம் தெரிவதில்லை.

படத்துக்கு வெளியே நிற்பவன்

கமரா காட்டாமல் விடும் இன்னொருவன் உண்டு. அவன் விளைவித்தவன். இதைக் கமக்காரர் கவனமாகக் கேட்கவேண்டும்.

2019ஆம் ஆண்டு ஏப்ரலில், லேய்ஸ் விளம்பரங்களில் நட்சத்திரங்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே இந்தியாவில், குஜராத்தின் சபர்காந்தா மாவட்டத்து நான்கு உருளைக்கிழங்கு விவசாயிகள்மீது பெப்சிகோ வழக்குத் தொடுத்தது. லேய்ஸுக்காகத் தான் பதிவு செய்த எப்.எல். 2027 என்ற இனத்தை அனுமதியின்றிப் பயிரிட்டனர் என்பது குற்றச்சாட்டு. ஒவ்வொருவரிடமும் ஒரு கோடியே ஐந்து இலட்சம் இந்திய ரூபாய் நட்டஈடு கேட்டது. விதைத்தல், மறுபடி விதைத்தல், பகிர்தல், விற்றல் ஆகிய உரிமைகளை, வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதைத் தவிர, விவசாயிக்கு உறுதி செய்யும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டிலேயே இருந்தது. எதிர்ப்பு மூண்டது; மே மாதத்தில் வழக்கு மீளப்பெறப்பட்டது. 2021 டிசெம்பரில் அந்த இனத்துக்கான பதிவையே உரிய அதிகார சபை இரத்துச் செய்தது. 2023 யூலையில் டில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதனை உறுதி செய்தார். 2024 சனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கொம்பனியின் மேன்முறையீட்டை ஏற்று, இரத்தை நீக்கியது.

அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைச் சட்டம் பேசிற்று. நான் சுட்டுவது வேறொன்று. சிரிக்கும் முகத்துக்குக் கோடிக்கணக்கில் கொடுப்பதும், கிழங்கு விளைவித்தவனிடம் கோடி கேட்பதும் ஒரே கல்லாப்பெட்டியிலிருந்துதான். ஒரு பொதியின் விலையில் நடிகருக்கும் கமராவுக்கும் ஒரு பங்குண்டு. அதனை நாம் கொடுக்கிறோம். நம் வட்டையில் விளையும் நெல்லுக்கும், சேனைச் சோளனுக்கும் அப்படிச் சிரித்துக்காட்ட ஆளில்லை. ஆகவேதான் ஒரு ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம் வாதாட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

முகம் கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா என்ற கேள்வி இந்தியாவில் 2015ஆம் ஆண்டு மகி நூடில்ஸ் விவகாரத்தில் எழுந்தது. ஈயம் மிகுதி என்று கூறி அப்பண்டம் தடைசெய்யப்பட்டபோது, அதன் விளம்பரங்களில் தோன்றிய அமிதாப் பச்சன், மாதுரி தீட்சித், பிரீத்தி சிந்தா ஆகியோர்மீதும் முறைப்பாட்டைப் பதிவு செய்யுமாறு பீகாரின் நீதிமன்றமொன்று பணித்தது. நீதியின் பொருட்டு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: அவ்வாண்டு ஓகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது; நிறுவனத்தின் நியாயத்தைக் கேளாமலே தடை விதிக்கப்பட்டதையும், சோதனை நடந்த ஆய்வுகூடங்களின் தகுதிக் குறைவையும் அது காரணம் காட்டியது. ஆயினும் எழுந்த கேள்வி அடங்கவில்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பிழையாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. மறுமுறை செய்தால் 50 இலட்சம் வரை. ஓராண்டும், பின்னர் மூன்றாண்டும் விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். உரிய கவனத்தோடு விசாரித்தே ஒப்புக்கொண்டேன் என்று நிறுவினால் அவர் தப்பலாம். நியாயமான ஏற்பாடு. 2022ஆம் ஆண்டின் வழிகாட்டு விதிகள், சிறுவர் நிகழ்ச்சிகளில் சிப்ஸ் போன்றவற்றின் விளம்பரத்தையே விலக்கின.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பிழையாக வழிநடத்தும் நடத்தையை வர்த்தகனுக்கு விலக்குகிறது. நல்ல பிரிவு. ஆனால் அதன் பார்வை வர்த்தகன்மேல். முகத்தை வாடகைக்குக் கொடுத்தவரை அது பெயர்சொல்லி அழைக்கவில்லை. சிரிப்பு ஒரு நடத்தை ஆகுமா, பிள்ளையின் மனத்தை அது மயக்குமா என்பதையும் அது ஆராயவில்லை.

இங்கே இரு ஆட்சேபங்கள் எழும். முதலாவது, சிரிப்பையும் சட்டம் போட்டுத் தடுப்பதா என்பது. தடுக்கச் சொல்லவில்லை. வளர்ந்தவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும், வாங்கட்டும். இரண்டாவது, பிள்ளையைக் கட்டுப்படுத்துவது பெற்றோர் கடன் என்பது. உண்மை. ஆனால் இது விளையாட்டன்று, விற்பனை என்று பிரித்தறியும் பக்குவம் சிறு பிள்ளைக்கு இல்லை. அந்தப் பிள்ளையோடு பேசுவதற்கு உளவியல் கற்றோரையும் ஆயிரம் படக் கமராவையும் நாடறிந்த முகத்தையும் ஒருபுறம் நிறுத்திவிட்டு, மறுபுறத்தில் வயலிலிருந்து களைத்து வந்த தகப்பனை நிறுத்தி, இது சரிசமமான வழக்கு என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. தாய்ப்பாலுக்கு மாற்றுப் பண்டங்களின் விளம்பரத்துக்கு 1983ஆம் ஆண்டிலேயே விதி வகுத்த நாடு இது. 2006ஆம் ஆண்டில் புகையிலை, மது விளம்பரங்களைச் சட்டத்தால் நிறுத்திய நாடு. வழி புதிதன்று.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று, விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவரும் விசாரித்தே கொடுக்கவேண்டும், தவறினால் பொறுப்பேற்கவேண்டும். இரண்டு, பிள்ளைகள் விழித்திருக்கும் வேளையில் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களின் விளம்பரம் வேண்டாம். சிலி நாடு 2016ஆம் ஆண்டில் 14 வயதுக்குட்பட்டோரை நோக்கிய இத்தகைய விளம்பரத்தை நிறுத்தியது. பிரித்தானியாவில் 2026 சனவரி முதல் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் அதற்கு இடமில்லை. மூன்று, விளம்பரத்தின் முடிவில் அந்த நிறக்குறி, அசையாமல், வாசிக்கக்கூடிய தமிழ் எழுத்துகளோடு, ஐந்து நொடியேனும் திரையில் நிற்கவேண்டும். வானலை வழியே இந்தியாவிலிருந்து இறங்கும் விளம்பரத்தை நம் சட்டம் முழுவதும் தடுக்கமுடியாது என்பதை அறிவேன். ஆனால் இங்கே கடை விரிப்பவனுக்கு இங்குள்ள சட்டம் நிபந்தனை விதிக்கலாம்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. கச்சானும், அவித்த சோளனும், எள்ளுருண்டையும், பொரிவிளாங்காயும் நம் மண்ணின் பண்டங்கள். அவற்றை நம் கமக்காரர் சங்கங்களே சுத்தமாகப் பொதி செய்து, நிறையும் விலையும் எழுதிப் பாடசாலை வாயிலில் வைக்கலாம். சாகாமத்துக் கூட்டத்தில் அடுத்த முறை இதையும் பேசுவதற்கு எண்ணியுள்ளேன்.

இறுதியாக ஒன்று. மேடையேறும் நாமும் இக்கலையில் குருடர் அல்லர். கூட்டத்தைச் சிரிக்கவைத்தால் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்பது அரசியல்வாதிக்கும் தெரியும். கமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தே கமக்காரனின் தோளில் கைபோடுகிறோம். ஆதலால் தின்பண்ட வியாபாரியைக் கேட்கும் கேள்வியை எங்களையும் கேளுங்கள். எவர் சிரிக்கவைத்தாலும் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின், பணப்பையைத் திறக்குமுன், வாக்குச் சீட்டில் புள்ளடி இடுமுன், ஒரு கேள்வி மாத்திரம் கேளுங்கள்: உள்ளே இருப்பது என்ன?